திரும்பி வந்த இரண்டு சாக்குகள்

போன கிழமை மலையிலிருந்து இரண்டு சாக்குகள் வெறுமையாகத் திரும்பி வந்தன. எங்களுக்குக் கோப்பிக்கொட்டை தருகிற லெச்சுமி அவற்றை நிரப்பாமல் அனுப்பியிருந்தாள். ஒரு துண்டுக் கடதாசியில் 'இது ரெண்டும் நாறுது, வேற அனுப்புங்க' என்று எழுதிச் சாக்கின் வாயில் ஊசியால் குத்தியிருந்தாள்.

நீங்கள் மூன்று பேரும் அவற்றைக் கொண்டுவந்து என் வாசலில் போட்டீர்கள். மூன்று பேருக்கும் முகம் சரியில்லை.

"கொட்டை விக்கிறவாவுக்கு இவ்வளவு நடப்போ, அன்ரி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவாவை விட்டிட்டு வேற ஆளைப் பாப்பம்" என்றாள் மற்றவள்.

மூன்றாவது ஆள் சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள்.

எனக்கு உடனே கதை வராது. நீங்கள் போன பிறகு இரண்டு நாள் யோசித்தேன். இப்போது எழுதுகிறேன். கோப்பி வறுக்க வந்திருக்கிறீர்கள். எப்போது கிளற வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் கை பழகினால் வரும். அதை நான் எழுதப் போவதில்லை. லெச்சுமியை நாங்கள் ஒருமுறை விட்டோம். அதை எழுதுகிறேன். பிழை என்னுடையது.

இங்கே கோப்பி விளையாது. நெல்லும் கச்சானும் விளையும். ஆனால் கோப்பி குடிக்கிற சனத்துக்குக் குறைவில்லை. விடிய எழும்பினால் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து இடித்த தூள் வேண்டும். நான் வறுக்கத் தொடங்கியது சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி உடையார்கட்டுக்கு வந்த பிறகு. அவரும் இல்லை, மகனும் இல்லை. வளவில் கிணறு இருந்தது. நிவாரணத்தில் தந்த பெரிய தாச்சி ஒன்று இருந்தது. ஒரு ஆளுக்குச் சமைக்க அந்தத் தாச்சி பெரிது. அதனால் அதில் கோப்பி வறுத்தேன்.

விசுவமடுவில் அப்போது அரைக்கிற மில் வைத்திருந்த பெரியவர்தான் எனக்கு வறுவல் சொல்லித்தந்தார். முதல் நாள் நான் கொண்டுபோன கொட்டையைக் கையில் எடுத்தார், மணந்தார், திருப்பித் தந்தார்.

"அரைக்கேலாது" என்றார்.

"ஏன், நிறம் நல்லாத்தானே கிடக்கு?"

"கண்ணை நம்பாதையுங்கோ பிள்ளை. நிறம் வெயிலுக்கு ஒண்டு, நிழலுக்கு ஒண்டு. மூக்கை நம்புங்கோ. அது எப்பவும் ஒண்டுதான்."

அவர் சொன்னவை எல்லாம் பிறகு சரியாகவே இருந்தன. இந்த ஒன்றைத் தவிர.

அந்த நாட்களில் இந்தப் பக்கம் வறுக்கிற ஒன்பது பேரும் தனித்தனியாகத்தான் கொட்டை வாங்கினோம். எல்லோரும் ஒரே வியாபாரியிடம். யார் முந்திப் போகிறார்களோ அவர்களுக்கு நல்லது. பிந்திப் போனால் மூட்டையின் அடி. ஒருமுறை எனக்கு அடிதான் கிடைத்தது. பச்சைக்காயும் பழமுமாக ஒன்றாக உருவிக் காயவைத்த கொட்டை. வறுத்தால் ஒன்று கரிகிறது, பக்கத்தில் இருப்பது வேகவில்லை. மல்லியை அள்ளிப் போட்டு மறைத்தேன். கடைக்காரர் பக்கெற்றுகளைப் பையோடு திருப்பித் தந்தார். "அக்கா, இது கோப்பியோ மல்லித்தண்ணியோ?" என்று கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார். மல்லி போட்டு மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதைத்தான் அப்போது படித்தேன். மறைக்கிற புத்தி என்னை விட்டுப் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரியவருக்குப் பிறகு மில்லை எடுத்து நடத்திய மருமகன் தவராசாதான் ஒன்பது பேரையும் ஒன்றாக இருத்திக் கதைத்தவர். வியாபாரியை விட்டுவிட்டு நாங்களே மலைக்குப் போய் வாங்குவோம் என்றார். போனோம். நானும் அவரும் பஸ்ஸில் ஏறி, கண்டிக்கும் அங்கால் ஒரு மலைக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் ஐந்தாறு குடும்பங்கள் பலாமர நிழலில் கோப்பி வைத்திருந்தன. நாங்கள் யாரிடம் அடிபட்டோமோ, அதே மாதிரி ஆட்களிடம்தான் அவர்களும் அடிபட்டிருந்தார்கள். வியாபாரி வருகிற நாளில் காய் எப்படி இருந்தாலும் உருவிக் கொடுக்க வேண்டும். காத்திருந்தால் அவர் வரமாட்டார்.

லெச்சுமிதான் முதலில் எங்களோடு கதைத்தவள். மெலிந்த பெண். இரண்டு ஆடு வைத்திருந்தாள். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், நிழல் மரத்தை வெட்டக் கூடாது, நாங்கள் பேசிய விலையைக் கொட்டை மலிந்தாலும் குறைக்க மாட்டோம் என்று சொன்னோம். மற்றவர்கள் யோசித்தார்கள். அவள் சரி என்றாள். அடுத்த முறை வியாபாரி வந்தபோது இல்லை என்று சொல்லி அனுப்பினாள். அவள் செய்ததைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் வந்தன. இதை மறக்காதீர்கள். இனி வருகிற கதை முழுக்க இதில்தான் நிற்கிறது.

கொட்டை வருவதற்குச் சணல் சாக்குதான் பாவித்தோம். பிளாஸ்ரிக் உரப்பையில் கட்டினால் கொட்டை வியர்க்கும். சணல் சாக்கை ஒருமுறை பாவித்து எறியவும் மனமில்லை. மலையிலிருந்து மரக்கறி கொண்டுவருகிற லொறி திரும்பிப் போகும்போது வெறுஞ்சாக்குகளைக் கட்டாக ஏற்றிவிடுவோம். அங்கே நிரப்பி, அடுத்த லொறியில் வரும். ஒரு சாக்கு ஏழெட்டுத் தரம் போய் வரும். கோப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்குக் கிட்ட வைத்தால் மண்ணெண்ணெய். சவர்க்காரத்துக்குக் கிட்ட வைத்தால் சவர்க்காரம். அதனால் சாக்கு மேலே போக முன் ஒவ்வொன்றையும் ஒருவர் மணந்து பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஒன்பது பேரில் என் மூக்குத்தான் நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு சாக்கில் முன்பு உழுந்து இருந்ததா பயறு இருந்ததா என்று சொல்லுவேன். சாக்கின் வாயை விரித்து, முகத்தை உள்ளே விட்டு, இரண்டு முறை மூச்சிழுப்பேன். சரி என்றால் வாயோரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவேன். மலையில் அந்த முடிச்சைப் பார்த்துத்தான் நிரப்புவார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் கோப்பி இல்லை. லொறி போக முதல்நாள் எட்டுப் பேரும் சாக்கோடு என் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் எல்லோரும் இருக்கக் கதிரை காணாது. மரக்குற்றியில் இருப்பார்கள், தேங்காய் உரிக்கிற இடத்தில் இருப்பார்கள். நான் கோப்பி போடுவேன். முள்ளிவாய்க்காலில் வறுக்கிற ஜெசிந்தா வந்தால் சிரிப்பு கேற்றடியிலேயே கேட்கும். "பூமணி அக்கா, மூக்கைத் துடைச்சிட்டு வாங்கோ, சாக்கு வந்திட்டுது" என்பாள். பின்னேரம் எல்லோரும் போய்விடுவார்கள். பிறகு அடுத்த லொறி வரைக்கும் என் வாசலில் ஆள் கதை இருக்காது.

பிறகு கொரோனாக் காய்ச்சல் வந்தது. எனக்கும் வந்தது. ஒரு கிழமை படுத்தேன். எழும்பினேன். காய்ச்சல் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அங்கால் இருந்து பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"அக்கா, என்னத்தை எரிக்கிறியள்?"

"ஒண்டும் எரிக்கேல்லையே."

"போய்க் குசினியைப் பாருங்கோ."

சோறு கரியாகி, பானையும் கறுத்து, புகை கூரைக்குள் நின்றது. நான் அதற்குள்ளேதான் இரண்டு முறை போய் வந்திருந்தேன். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மல்லியை எடுத்துக் கசக்கி மணந்தேன். ஒன்றுமில்லை. வேர்க்கொம்பை உடைத்தேன். மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

வறுக்கிற வேலையில் யாருக்கும் தெரியவில்லை. கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு இறக்கப் பழகினேன். அதைக் காதாலேயே சமாளிக்கலாம். ஆனால் சாக்குக்குச் சத்தம் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். அடுத்த லொறி வந்தது. எட்டுப் பேரும் வாசலில் வந்து இருந்தார்கள். ஜெசிந்தா மூக்கைப் பற்றி அதே பகிடியை விட்டாள். மூக்குப் போய்விட்டது என்று சொன்னால் சாக்கு வேறு வீட்டுக்குப் போகும். ஆட்களும் அங்கே போவார்கள். நான் சாக்குக்குள் முகத்தை விட்டேன். இரண்டு முறை மூச்சிழுத்தேன். முடிச்சுப் போட்டேன். மூக்கு நாளைக்கு வரும், அடுத்த மாதம் வரும் என்று நினைத்தேன். ஏழு மாதம் அப்படிப் போனது. எங்கள் ஆட்கள் சுத்தமானவர்கள், அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால் எனக்குத் துணிவு வந்தது.

ஏழாம் மாதம் லெச்சுமியின் நாலு சாக்கு வந்தது. தவராசா மில்லில் வைத்து வாயை அவிழ்த்தார். அவிழ்த்தவர் பின்னுக்குப் போனார். எங்களைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாக்கைச் சுற்றி நின்றார்கள். சேலைத் தலைப்பு மூக்கில்.

"மூத்திர வெடில்" என்றார் ஒருவர்.

"ஆட்டுப் பட்டி மாதிரி."

"அவா ஆடு வளக்கிறவா எல்லோ? பூமணி அக்காதானே வந்து சொன்னவா."

சொன்னது நான்தான். முதல் முறை போய் வந்தபோது, இரண்டு ஆடு வைத்திருக்கிறாள், பாலில் தேத்தண்ணி தந்தாள் என்று சந்தோசமாகச் சொன்னேன்.

தவராசா ஒரு பிடி கொட்டையை எடுத்துத் தாச்சியில் போட்டுச் சூடாக்கினார். இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள்.

"பட்டிக்குள்ள வைச்சுக் காயவிட்டிருக்கிறா. வேற என்ன?" என்றார். பிறகு ஒரு பிடியை என் முகத்துக்குக் கிட்ட நீட்டினார். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட மூக்குத்தான் கடைசி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து மூச்சிழுத்தேன். சூடு பட்டது. வேறொன்றும் இல்லை.

"ஓம்" என்றேன். "பட்டி நாத்தம்தான்."

இவ்வளவு வருடத்தில் நான் செய்த பிழைகளில் இதுதான் பெரியது. மூக்குப் போனது என் பிழை இல்லை. இது என் பிழை. அந்த இடத்தில் தெரியவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

இனி லெச்சுமியிடம் வாங்குவதில்லை என்று முடிவாகிவிட்டது. தவராசா அங்கேயே நின்று மலைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் கேட்டது. "ஆட்டுப் பட்டியில வைச்ச கொட்டையை நாங்கள் சனத்துக்குக் குடுக்கேலாது தங்கச்சி." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெசிந்தா வந்து பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"சொல்லு."

"எனக்கு அந்தச் சாக்கில ஒண்டும் மணக்கேல்லை. கோப்பி மணம்தான் வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்தினவை எண்டு நானும் பொத்தினனான். எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்திட்டுதோ தெரியேல்லை."

"கோப்பி மணம் வந்ததோ?"

"ஓம். வடிவா வந்தது."

பஸ் வந்தது. அவள் முல்லைத்தீவுப் பக்கம் ஏறினாள். நான் ஏறாமல் நின்றேன். அவளுக்குக் கோப்பி மணக்கிறது. அப்படியென்றால் மூக்கில் பிழை இல்லை. எல்லோருக்கும் நாறுகிற ஒன்று இவளுக்கு மட்டும் ஏன் நாறவில்லை? ஒரு ஆளுக்கு எந்த மணம் தெரியாது? தன் வீட்டு மணம் தெரியாது. என் குசினிக்குள் வருகிறவர்கள் கோப்பி மணக்கிறது என்பார்கள். எனக்கு மூக்கு நல்லாக இருந்த காலத்திலும் அது தெரிந்ததில்லை.

அடுத்த நாள் காலையில் முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். ஜெசிந்தா வீட்டில் கொட்டை வறுக்கிற இடம் சுத்தமாக இருந்தது. எப்போதும் அப்படித்தான். பின்பக்கம் போனேன். அவளுடைய தமையன் கடற்றொழில் செய்கிறவர். தடியில் சுறாவைக் கீறி வரிசையாகக் காயப் போட்டிருந்தார். சுறாக் கருவாடு எப்படி மணக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றக் கருவாடு போல் மீன் வெடுக்கு இல்லை. மூத்திர வெடில். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கண்ணால்தான்.

"பிள்ளை, போன மாசம் எனக்குத் தந்த சாக்கு எங்க கிடந்தது?"

"வீட்டிலதான் அக்கா. ஏன்?"

"வேற ஒருத்தரும் எடுக்கேல்லையோ?"

அவள் யோசித்தாள். "அண்ணா ஒருக்கா எடுத்தவர். வவுனியாவுக்குக் கருவாடு அனுப்பச் சாக்குப் போதாமப் போச்சு. நாலு சாக்கு. பேந்து கழுவித் தந்திட்டார். சவர்க்காரம் போட்டுக் கழுவினவர் அக்கா, நான் பாத்தனான்."

சொல்லி முடிக்க முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயில் கையை வைத்தாள். அவள் கள்ளம் செய்யவில்லை. கடற்கரையில் சாக்கு என்றால் சாக்குத்தான். தேவைக்கு எடுப்பார்கள், கழுவி வைப்பார்கள். அவள் மூக்குக்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்காகத்தானே வேறு ஒரு மூக்கை வைத்தோம்.

"என்னையும் விட்டிடுவினமோ?" என்று கேட்டாள்.

"உன்னை ஏன் விடுறது? சாக்கு என்னட்டை வந்தது. முடிச்சுப் போட்டது நான்."

"நீங்கள் மணந்து பாத்தனீங்கள்தானே அக்கா. உங்களுக்கு எப்பிடித் தப்பினது?"

நான் பஸ் பிடித்து நேரே விசுவமடு மில்லுக்குப் போனேன். முதலில் தவராசாவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிழையைச் சொல்லப் போகிறவர்கள் வழியில் வேறு ஆட்களுக்குச் சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளக் கூடாது. ஆறினால் போகவேண்டிய இடத்துக்குப் போக மாட்டீர்கள்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பி, எனக்கு மணம் தெரியாது."

"என்ன?"

"மூக்குப் போட்டுது. காய்ச்சலோட போனது."

அவர் மெசினை நிறுத்தினார். நான் முழுவதையும் சொன்னேன். சுறா, சாக்கு, நேற்று நான் சொன்ன பொய். அவர் கையிலிருந்த தூளைத் தட்டினார்.

"எத்தினை மாசம்?"

"ஏழு."

"ஏழு மாசமா சாக்குக்குள்ள சும்மாவோ முகத்தை விட்டனீங்கள்?"

"ஓம்."

"நாங்கள் எல்லாம் அதைப் பாத்துக்கொண்டு கோப்பி குடிச்சனாங்கள்." மெசின் பக்கம் திரும்பினார். "நல்ல நடிப்பு அக்கா."

அது எனக்குப் பட வேண்டிய சொல். பட்டது.

"நான் இப்ப மலைக்கு ஃபோன் எடுக்கிறன்" என்றார்.

"வேண்டாம். நான் போறன்."

"ஃபோனில சொன்னதை ஃபோனில திருப்பிச் சொன்னாக் காணும்தானே?"

"காணாது" என்றேன்.

தனியே போனேன். ஒரு பகலும் மறுநாள் பாதியும். மேலே ஏறி லயத்துக்குப் பின்னால் போனபோது லெச்சுமி கோப்பி மரத்தடியில் நின்றாள். ஒரு கிளையை மேலே பிடித்து, கையைக் கீழ்நோக்கி ஒரே இழுப்பில் இழுத்தாள். பச்சையும் சிவப்புமாகக் கீழே வைத்திருந்த பேசின் சட்டிக்குள் விழுந்தன. நாலு மரம் முடிந்திருந்தது. இலையும் சேர்ந்து போயிருந்தது.

"வாங்கக்கா" என்றாள். கையை நிறுத்தவில்லை.

"ஏன் பச்சையை உருவிறாய்?"

"யாவாரி நாளைக்கு வாறாரு. அவருக்குப் பச்சை, செவப்பு எல்லாம் ஒண்ணுதான்." அடுத்த கிளையைப் பிடித்தாள். "பக்கத்து வீடுங்களும் நாளைக்கு உருவுறாங்க. எனக்கே இப்புடின்னா அவங்களுக்கு என்னா நிச்சயம்னு கேக்குறாங்க."

"லெச்சுமி, பிழை உன்னில இல்லை. எங்கட சாக்கில. சுறாக் கருவாடு கட்டின சாக்கு."

கை நின்றது. கிளையை விட்டாள்.

"சாக்கு வந்த அன்னைக்கே நாறுச்சுக்கா" என்றாள். "ரெண்டு நாளு வெயில்ல போட்டேன். போகல."

"அப்ப ஏன் நிரப்பினாய்? ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"முடிச்சு இருந்துச்சுல்ல. செவப்பு நூலு. அக்கா மோந்து பாத்து அனுப்புனது. அக்கா மூக்குக்குத் தப்புமா? எம் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

அவள் பேசினை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

"அதுமட்டும் இல்லக்கா. நீங்கல்லாம் பட்டு வந்த சனம். எங்களுக்கு நல்ல வெல குடுக்குறீங்க. ஒங்க சாக்கு நாறுதுன்னு எந்த வாயால சொல்றது?" கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கைத்தான் துடைத்தாள். "ஆட்டுப் பட்டியில வச்சேன்னு அவரு சொல்லிட்டாரு. எங்க வீட்டுல கட்டில்ல கொட்டை இருந்துச்சு. நாங்க கீழ படுத்தோம்."

அப்போது சொன்னேன். என் மூக்கைப் பற்றி. ஏழு மாதத்தைப் பற்றி. மில்லில் நான் சொன்ன ஓம் என்ற சொல்லைப் பற்றி. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு எலுமிச்சை இலையைப் பிடுங்கிக் கசக்கி என் மூக்கில் வைத்தாள்.

"இது?"

"இல்லை."

ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தாள். கிடாய். என் மடியில் முட்ட வந்தது.

"இதாச்சும் தெரியுதா?"

"தெரியேல்லை."

"இதுகூடவா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஏழு மாதத்தில் என் மூக்கைப் பற்றி இன்னொரு ஆளோடு சிரித்துக் கதைத்தது அன்றுதான்.

பால் தேத்தண்ணி தந்தாள். குடித்து முடித்த பிறகு சொன்னாள்.

"நான் குடுக்குறேன்கா. ஆனா இனிமே முடிச்சைப் பாக்க மாட்டேன். நானே மோந்து பாப்பேன். நாறுனா நெரப்ப மாட்டேன், திருப்பி விட்டுருவேன். நீங்க கோவிக்கக் கூடாது."

"கோவிக்க மாட்டம்" என்றேன்.

"நீங்க கோவிக்க மாட்டீங்க. ஒங்களுக்கு அப்புறம் வாறவங்க?"

"அவையும் கோவிக்க மாட்டினம்."

உங்களை எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்காகவும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நாலு மரத்துக் காய் வியாபாரிக்குப் போனது. மிச்சத்தை அவள் சிவக்க விட்டாள். பக்கத்து வீடுகளுக்கு நானே போய்ச் சொன்னேன். இரண்டு வீடு அன்றைக்கு நம்பவில்லை. அடுத்த வருடம்தான் திரும்பி வந்தன.

கீழே வந்த பிறகு ஒன்பது பேரும் இருந்து கதைத்தோம். தவராசா எல்லோருக்கும் முன்னால் லெச்சுமிக்கு ஃபோன் எடுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்டார். ஜெசிந்தாவை யாரும் விடவில்லை. ஒரு சாக்கை இரண்டு பேர் மணந்து பார்க்க வேண்டும், ஒருவர் கடற்கரைப் பக்கம், ஒருவர் வயல் பக்கம் என்று முடிவெடுத்தோம். நீங்கள் இன்றைக்குச் செய்கிற முறை அதுதான். இந்த இரண்டு சாக்குக்கும் அதை ஒழுங்காகச் செய்தீர்களோ என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியும்.

சிவப்பு நூல் கட்டையைத் தவராசாவிடம் கொடுத்தேன். சாக்குகள் மில்லுக்குப் போயின. என்னில் ஒருவருக்கும் கோபமில்லை. வரவேண்டிய வேலை இல்லை, அதனால் வரவில்லை. வழியில் கண்டால் எல்லோரும் நின்று கதைப்பார்கள். பிறகு கை நடுங்கத் தொடங்கியதும் வறுப்பதையும் விட்டேன். பெரிய தாச்சி குசினி மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது.

ஆகவே பிள்ளைகள், லெச்சுமியை விடாதீர்கள். நாறுகிறது என்று அவள் எழுதி அனுப்புகிறாள். அதை எழுத அவளுக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று நான் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நிரப்பி அனுப்புகிற நாள் வந்தால் அன்றைக்குப் பயப்படுங்கள். அவளுக்கு வேறு இரண்டு சாக்கு அனுப்புங்கள். கூடவே, பார்த்துச் சொன்னதற்கு நன்றி என்று உங்களில் ஒருத்தி கைப்பட எழுதிவிடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உங்களில் யாருக்காவது மூக்கோ, கண்ணோ, கையோ விட்டுப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள். வேலை போகும். ஆட்கள் வருவது நிற்கும். அது உண்மைதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் சொல்லுங்கள்.

நீங்கள் விட்டுப்போன இரண்டு சாக்கையும் கழுவி வேலியில் போட்டிருக்கிறேன். இன்று காலையில் ஒன்றை எடுத்து வாயை விரித்து முகத்தை உள்ளே விட்டேன். பழக்கம். சணல் கன்னத்தில் உரசியது. வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை வந்து எடுத்துப் போங்கள். வெயில் ஏற முதல் வந்தால் நல்லது. கதிரை மூன்று துடைத்து வைத்திருக்கிறேன். கோப்பி போடுவேன். மணம் சரியோ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.